'சார் வரலீங்களா?' என்பதற்கு ஒரு விலை உண்டு

வண்டி வாங்கப் போகும் பெண்ணிடம் எங்கள் ஊரில் கேட்கப்படும் முதல் கேள்வி வண்டியைப் பற்றியதாக இருப்பதில்லை. "சார் வரலீங்களா மேடம்?" என்பதுதான் அது. ஒசூர் ஷோரூமில் இந்தக் கேள்வி குளிர்பானத்தோடு வரும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போன் போட்டுக் குடுங்கக்கா" என்று வரும். எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் பழைய கார் விற்பவரிடம் போனால் பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் வரும். கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி, எங்கே போனாலும் சொற்கள்தான் மாறும்.

இதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பெண் அலைய வேண்டாம், கறை படிய வேண்டாம், கணக்குப் பார்த்துச் சிரமப்பட வேண்டாம் என்ற அக்கறையாம். அந்த அக்கறைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை நாம்தான் கொடுக்கிறோம் என்பதே என் வாதம். பில்லில் அது தனி வரியாக வராது. இன்சூரன்ஸில், ஆக்சசரீஸில், லேபர் சார்ஜில், மாற்றவே தேவையில்லாத ஒரு பாகத்தில் கலந்திருக்கும். பணத்தோடு அது நிற்பதும் இல்லை. யார் பெயரில் வண்டி, யார் கையில் சாவி, விபத்து நடந்தால் யார் கோர்ட்டில் நிற்பது என்பது வரைக்கும் போகிறது.

செய்தவள் யார்?

இந்தக் கேள்வியை வேறு ஊரில் கேட்டால்கூட ஒரு சாக்கு சொல்லலாம். இந்த மாவட்டத்தில் கேட்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

1980-இல் இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டி.வி.எஸ். 50 ஒசூரிலிருந்துதான் வெளியே வந்தது. அதே ஆண்டில் அசோக் லேலண்டின் ஒசூர் ஆலையும் ஓடத் தொடங்கியது. சிப்காட் வளர வளர, பெரிய ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் மூக்கண்டப்பள்ளி, ஜூஜுவாடி என்று பரவின. இன்று ஏத்தர் ஸ்கூட்டர்கள் ஒசூரில் தயாராகின்றன. போச்சம்பள்ளியில் ஓலா ஆலை எழுந்தது. அந்த ஆலை முழுக்கப் பெண்களாலேயே இயங்கும், முழு அளவில் 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் உலகத்துக்கே அறிவித்தது. 2023-இல் அசோக் லேலண்ட் தன் ஒசூர் ஆலையில் பெண்கள் மட்டுமே எஞ்சின் தயாரிக்கும் ஒரு பிரிவைத் தொடங்கியது.

பெண்களின் கை சிறியது, விரல் நுணுக்கமானது, சத்தம் போடாமல் வேலை செய்வார்கள் என்பதெல்லாம் வேலைக்கு எடுக்கும்போது சொல்லப்படும் காரணங்கள். வண்டிக்குள் நரம்பு மாதிரி ஓடும் வைரிங் ஹார்னஸைக் கட்டும் கைகளில் பெரும்பகுதி பெண்களின் கைகள். என் தோழி ஒருத்தி ஒன்பது வருடம் அந்த லைனில் நின்றவள். எந்த ஒயர் எந்தக் கப்ளருக்குப் போக வேண்டும், டெர்மினல் சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்த விளக்கு எரியாது என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவள் தன் ஸ்கூட்டருக்கு ஒரு கப்ளர் வாங்கக் கடைக்குப் போய், அதன் பின் எண்ணிக்கையோடு பெயரைச் சொல்லிக் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் திருப்பிக் கேட்டது: "இந்தப் பேரெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

இந்த ஒரு வரியில் முழு அரசியலும் இருக்கிறது. ஆலைக்குள் அவள் அறிவு எட்டு மணி நேரக் கூலிக்குப் பயன்படும். ஆலைக்கு வெளியே அந்த அறிவு அவளுடையது இல்லை. யாரோ ஓர் ஆண் அவளுக்குக் கடன் கொடுத்ததாகத்தான் இருக்க முடியும். அவள் உருவாக்கும் பொருளின் சந்தைக்குள் அவள் நுழையும்போது, ஒன்றும் தெரியாதவளாக மாறிவிட வேண்டும் என்று சந்தை எதிர்பார்க்கிறது. அவள் மாறாவிட்டால் சந்தேகப்படுகிறது.

அறியாமையை உற்பத்தி செய்யும் இடம்

"பெண்களுக்கு வண்டி பற்றித் தெரியாது" என்பது இயற்கை விதி இல்லை. அது ஓர் உற்பத்தி. எப்படி நடக்கிறது என்று புதுவண்டி ஷோரூமில் பாருங்கள்.

நமக்குச் சொல்லப்படுவது ஒரே ஒரு எண். 'ஆன் ரோடு' விலை. அதைப் பிரித்து எழுதித் தரச் சொன்னால் சிரிப்பு வரும், "அதெல்லாம் சிஸ்டம்ல இருக்கு மேடம், நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வரும். பிரித்துப் பார்த்தால் அதில் எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் ஆகியவை இருக்கும். இவை நியாயமானவை. அதற்குக் கீழே 'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'ஆக்சசரீஸ் கிட்' என்று வரும் வரிகளைத்தான் பார்க்க வேண்டும். எந்தச் சட்டத்தின்படி இந்தத் தொகை என்று கேட்டால் மேலாளரை அழைப்பார்கள். மேலாளர் வந்து தொகையைக் குறைப்பார். சட்டப்படியான கட்டணம் என்றால் அது ஏன் குறைகிறது?

இன்சூரன்ஸ் இன்னொரு இடம். புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் காருக்கு மூன்று வருடமும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தக் காப்பீட்டை இந்த ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எந்த நிறுவனத்திடமும் எடுக்கலாம். இதைச் சொன்னால், "அப்போ டெலிவரி லேட் ஆகும் மேடம்" என்ற மிரட்டல் மென்மையான குரலில் வரும்.

அதே இன்சூரன்ஸில் நம்மை நேரடியாகப் பாதிக்கும் இன்னொன்று இருக்கிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. பெயரைக் கவனியுங்கள். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. ஆர்.சி. புக்கில் பெயர் இருப்பவருக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்தால்தான் இந்தக் காப்பீடு பொருந்தும். கடன் குழு மூலம் கிடைத்தது என்றோ, ராசி என்றோ மனைவி பெயரில் வண்டி வாங்குகிறார்கள். அவளுக்கு லைசென்ஸ் எடுத்துத் தர மாட்டார்கள். கணவர் ஓட்டுகிறார். பிரீமியம் கட்டப்படுகிறது. ஆனால் அவருக்கு விபத்து நேர்ந்தால் அந்த 15 லட்சம் கிடைக்காது, ஏனென்றால் அவர் உரிமையாளர் இல்லை. அவளுக்கும் கிடைக்காது, ஏனென்றால் அவளிடம் லைசென்ஸ் இல்லை. வண்டியை அவள் பெயரில் எழுதும்போது, "மேடம், உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?" என்று அவளைப் பார்த்து ஒருமுறை கேட்டிருந்தால் போதும். 'சாரை'த் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றுவதில்லை.

புடவைக் காப்பு என்றொரு பாகம்

இந்திய இருசக்கர வாகனத்தில் பெண்ணை மனத்தில் வைத்துச் செய்த பாகம் எது என்று கேட்டால் பலரும் சொல்வது பின்சக்கரத்தின் பக்கவாட்டில் இருக்கும் அந்தக் கம்பிச் சட்டத்தைத்தான். 'சாரி கார்டு' என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பின்னால் உட்கார்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, உடை சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு.

நல்ல விதி. உயிர்களைக் காத்திருக்கிறது. அதே சமயம், சட்டத்தின் கண்ணிலும் பொறியாளரின் கண்ணிலும் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதையும் அது காட்டுகிறது. பின்னால், ஒரு பக்கமாக, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. அந்த விதி கேட்கும் கைப்பிடியும் தடுப்பும் பல ஷோரூம்களில் 'ஆக்சசரீஸ்' பட்டியலில் விலையோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் கொடுக்கச் சொல்வதை நம்மிடமே விற்கிறார்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான். 138-ஆம் விதியின்படி, இருசக்கர வாகனம் வாங்கும்போது தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை உற்பத்தியாளர் வழங்க வேண்டும். கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்?

1990-களில் ஒசூரிலிருந்து ஸ்கூட்டி வந்தபோது பெண்ணை முன் இருக்கைக்கு அழைக்கும் விளம்பரங்களும் வந்தன. அந்த அழைப்பை நான் கேலி செய்யவில்லை. இரண்டு தலைமுறைப் பெண்கள் கல்லூரிக்கும் வேலைக்கும் அதில்தான் போனார்கள். ஆனால் வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் சந்தை நமக்குத் தந்தது. விலையைப் பேசும் உரிமை தரப்படவில்லை. இளஞ்சிவப்பா வெள்ளையா என்று நம்மிடம் கேட்டுவிட்டு, தவணை எத்தனை மாதம் என்று பக்கத்தில் இருக்கும் ஆணிடம் கேட்கும் பழக்கம் இன்றும் மாறவில்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

புதுவண்டி வாங்குவது வாழ்வில் சில முறைதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் மாதாமாதம் போக வேண்டும். அங்கேதான் இந்த வரி வட்டியோடு வசூலாகிறது.

கடையில் ஒரே பாகத்துக்கு மூன்று நான்கு தரம் உண்டு. வாகன நிறுவனத்தின் பெயரோடு பெட்டியில் வருவது, அதே பாகத்தை நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் ஆலை தன் சொந்தப் பெயரில் விற்பது, லோக்கல், அப்புறம் அசல் பெட்டிக்குள் போலி. இதில் இரண்டாவது வகைதான் பல சமயம் நமக்கு லாபம், ஏனென்றால் பொருள் ஏறக்குறைய ஒன்றே, பெட்டி மட்டும் வேறு. தெரிந்த ஆண் வாடிக்கையாளரிடம் இந்த மூன்றையும் மேசைமேல் எடுத்து வைப்பார்கள். பெண் கேட்டால், "ஒரிஜினல் இதான்" என்று ஒன்றை மட்டும் வைப்பார்கள். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்சவிலை. அதன்மேல் ஜி.எஸ்.டி. என்று தனியாகக் கேட்டால் அது மோசடி. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீத வரிதான் என்றும் ஆகிவிட்டது. ஆகவே "இதுக்கு மட்டும் 28 மேடம்" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

பாகங்களை யார் விற்பது என்பதிலும் ஓர் அதிகாரப் போட்டி இருக்கிறது. அதில் நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் பாகங்களையும் பழுது பார்க்கும் தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிச் சந்தைக்கு விடாமல், தங்கள் டீலர்களிடம் மட்டுமே வரும்படி வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அந்த உத்தரவு ஒன்றை உரக்கச் சொல்லிவிட்டது. அறிவைப் பூட்டி வைப்பது ஒரு வியாபார உத்தி. சாவியைப் பூட்டியவர்களே வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனம் சிறு மெக்கானிக்குக்குச் செய்வதைத்தான் அந்தச் சிறு மெக்கானிக் பெண் வாடிக்கையாளருக்குச் செய்கிறார். பூட்டுகிற இடம் ஒன்றாக இருக்கும்போது, தெரு ஓர மெக்கானிக் அண்ணனை மட்டும் வில்லனாக்கிவிட்டு டீலர்களின் ஏ.சி. அறைக்குள் போய் உட்கார்வது விடுதலை ஆகாது.

ஒர்க்‌ஷாப்பில் ஒருமுறை என் காரின் சஸ்பென்ஷனுக்கு 6,800 ரூபாய் எஸ்டிமேட் சொன்னார்கள். மறுநாள் அதே இடத்தில், அதே வேலைக்கு, என் தம்பி போனில் கேட்டபோது 4,900. தம்பிக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளையே கடையில் விட்டுத்தான் பஞ்சர் ஒட்டுவான். இந்த 1,900 ரூபாய் அவன் அறிவுக்குக் கிடைத்த தள்ளுபடி இல்லை. குரலுக்குக் கிடைத்தது.

எல்லையில் ஒரு பெயர்

எங்கள் பகுதியின் தனிக் கதை பழைய கார். ஒசூரில் வீடு, பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ வேலை என்று வாழ்பவர்கள் ஏராளம். தெருவில் டி.என். 70-உம் கே.ஏ. 51-உம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பெங்களூரில் விற்பனைக்கு வரும் கார்கள் அதிகம், ஆகவே எல்லை தாண்டிப் போய் வாங்குவது வழக்கம். "பேப்பர் எல்லாம் கிளியர் மேடம், நீங்க ஓட்டுங்க, பேர் மாத்தறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்பது இந்தச் சந்தையின் தாலாட்டு.

அந்தத் தாலாட்டுக்குள் என்ன இருக்கிறது? வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வங்கிக் கடன் இருந்திருந்தால் அதை நீக்கப் படிவம் 35. இங்கே வரி புதிதாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் சொன்னால் காரின் 'மலிவு' காணாமல் போகும். அதனால் சொல்வதில்லை.

இதில் வாங்குபவளைவிட விற்பவளுக்கு ஆபத்து அதிகம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பணம் வந்ததென்று திரும்பிவிடும் பெண்களை எனக்குத் தெரியும். கணவர் 'முடித்த' விற்பனையில் கையெழுத்து மட்டும் அவளுடையது. வண்டி எந்த மாவட்டத்தில் ஓடுகிறது என்று தெரியாது. ஒரு நாள் சம்மன் மட்டும் அவள் பெயருக்கு வரும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களும் போக்குவரத்துத் துறையில் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. விற்பனைக்காக வண்டியைப் பெற்றுக்கொண்டதை டீலர் முறைப்படித் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு அவர்தான் பொறுப்பு. ஆகவே பழைய வண்டியை விடும் பெண் கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு தருவீங்க?" என்பதோடு முடியக் கூடாது. "உங்க அங்கீகாரச் சான்று எங்கே? என்கிட்டேயிருந்து எடுத்துக்கிட்டதை எப்போ பதிவு பண்ணுவீங்க?" என்றும் கேட்க வேண்டும்.

"ஆண்களையும்தான் ஏமாத்தறாங்க"

இதைச் சொல்லாத ஆணை நான் பார்த்ததில்லை. ஏமாற்றுகிறார்கள், உண்மை. ஒரே அளவில் ஏமாற்றுகிறார்களா என்பதுதான் கேள்வி. இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் 1991-இல் ஹார்வர்ட் லா ரிவ்யூ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிகாகோவில் 90 டீலர்களிடம், ஒரே மாதிரி உடுத்தி, ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார். வெள்ளை ஆண்களிடம் வைத்த லாபத்தைவிட 40 சதவீதம் அதிக லாபத்தை வெள்ளைப் பெண்களிடம் வைத்தார்கள். கறுப்பின ஆண்களிடம் இரண்டு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்களிடம் மூன்று மடங்குக்கு மேல்.

அந்தக் கடைசி எண்ணில் நம் ஊரைப் பாருங்கள். இங்கேயும் கவுண்டர் பாலினத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆலைச் சீருடையில் வந்தவளா, கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டையோடு வந்தவளா, எந்த ஊர்ப்பெயரைச் சொல்கிறாள், தெலுங்கு கலந்து பேசுகிறாளா, உருது பேசுகிறாளா, எந்தத் தெரு முகவரி என்று ஆர்.சி. விண்ணப்பத்தில் எழுதுகிறாள் என்பதையெல்லாம் பார்த்துத்தான் உட்கார நாற்காலி வருகிறதா இல்லையா என்பது முடிவாகிறது. சாதியை வாயால் கேட்க வேண்டியதில்லை. முகவரியே சொல்லிவிடும்.

இன்னோர் ஆய்வும் இருக்கிறது. மேகன் புஸ்ஸேயும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013-இல் வெளியிட்டது. ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போன் செய்து ஒரு டொயோட்டா கேம்ரிக்கு ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு என்று ஆண்களையும் பெண்களையும் கேட்க வைத்தார்கள். விலை பற்றி ஒன்றும் தெரியாததுபோல் கேட்டபோது பெண்களுக்கு அதிக விலை சொன்னார்கள். "இவ்வளவு ஆகும்னு கேள்விப்பட்டேன்" என்று ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்டபோது வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆணுக்கு 'தெரியும்' என்றே தொடங்குகிறார்கள், பெண் 'தெரியும்' என்று நிரூபிக்க வேண்டும். வரி அங்கேதான் விழுகிறது.

ஆகவே, "தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தரைக் கூட்டிட்டுப் போ" என்ற அறிவுரையை நான் எதிர்க்கிறேன். அது அன்போடு சொல்லப்படுவது என்பதால் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் ஓர் ஆணைக் கூட்டிப் போகும்போது, ஆணோடு வந்தால்தான் நியாய விலை என்ற விதிக்கு நாமே கையெழுத்துப் போடுகிறோம். தனியாக வாழும் பெண், கணவரைப் பிரிந்தவள், விடுதியில் தங்கியிருக்கும் பத்தொன்பது வயதுத் தொழிலாளி, இவர்கள் யாரைக் கூட்டிப் போவார்கள்? நமக்கு வசதியான அந்தக் குறுக்குவழி அவர்களுக்கு விலையை ஏற்றுகிறது.

"பெண்களே நடத்தும் நிறுவனம் வந்தால் எல்லாம் மாறிவிடும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்கள் கையால் செய்யப்படும் ஸ்கூட்டர் என்று பெருமை பேசிய அதே ஓலா எலக்ட்ரிக் பற்றி, 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 10,644 புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் சொன்னது. எனக்கு இதில் தெரிவது வேறு. லைனில் பெண்ணை நிறுத்துவது விளம்பரத்துக்கு உதவும். பழுதான வண்டியோடு சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும் பெண்ணுக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அந்த லைனில் நிற்பவளுக்கு இல்லை. உழைப்பில் பெண் இருந்தால் மட்டும் போதாது, கணக்கிலும் முடிவிலும் இருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

தமிழக அரசு 2018 பிப்ரவரி 24 அன்று அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது மானியம். உரிமம் உள்ள பெண்ணுக்குத்தான் வண்டி என்ற நிபந்தனை அதில் இருந்தது. அது சரியான நிபந்தனை. இப்போது அந்தத் திட்டம் இல்லை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்திருக்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் இரவு ஷிப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து கிராமத்துக்குத் திரும்புபவளுக்குப் பேருந்து இல்லாத நேரமும் இருக்கிறது. பேருந்தா வண்டியா என்று நம்மிடம் தேர்வு கேட்க வேண்டாம். இரண்டும் வேண்டும்.

அரசிடமும் வியாபாரிகளிடமும் கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு ஷோரூமிலும் விலைப் பிரிவை எழுத்தில், தமிழில், கேட்காமலே தர வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். ஜாப் கார்டில் எழுதாத வேலைக்குப் பணம் கேட்கக் கூடாது. ஹார்னஸ் லைனிலும் எஞ்சின் லைனிலும் பத்து வருடம் நின்ற பெண்களை ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலும் சர்வீஸ் அட்வைசர் நாற்காலியிலும் உட்கார வைக்க வேண்டும். வரவேற்பு மேசைக்கு மட்டும் பெண் என்பதை நிறுத்த வேண்டும்.

நம்மிடமும் ஆயுதங்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய இடத்தில் போய் வழக்குப் போட வேண்டியதில்லை. நாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து ஆணையத்திலேயே போடலாம். பெங்களூர் டீலர் ஏமாற்றினால் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்துக்கு அவர் வர வேண்டும். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. 1915 என்ற எண்ணில் தமிழில் புகார் சொல்லலாம். பழைய வண்டி என்றால் அதன் எண்ணைப் போக்குவரத்துத் துறையின் செயலியில் போட்டுப் பார்த்தால் எத்தனையாவது உரிமையாளர், கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்பது தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3521 என்றால் 2021-இன் 35-ஆவது வாரம் செய்தது. "புது டயர் மேடம்" என்பவரிடம் குனிந்து அந்த எண்ணைப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பேச்சின் தொனி மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதையெல்லாம் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக இரவில் உட்கார்ந்து படித்துவிட்டு வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தனித்தனியாக நம்மைப் புத்திசாலிகளாக்கும் சுமையும் நம் தலையில்தானா? இது கூட்டாகச் செய்ய வேண்டிய வேலை. இந்த மாவட்டத்துக்கு அதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1989-இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பழைய தர்மபுரி மாவட்டத்தில்தான் அரசுத் திட்டமாகத் தொடங்கின. கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று வங்கி மேலாளர்கள் ஒதுக்கிய பெண்கள், திண்ணையில் வட்டமாக உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பழகினார்கள். மேலாளர் எழுந்து வந்து பேசும் நிலையை உருவாக்கினார்கள்.

அந்தக் குழுக்களின் அடுத்த பாடம் வண்டியாக இருக்கட்டும். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம். ஒருத்தி தன் பில்லைக் கொண்டுவரட்டும், எல்லோரும் வரி வரியாகப் படிக்கலாம். எந்தக் கடையில் எந்தப் பாகம் என்ன விலை என்று ஒரு பொது நோட்டில் எழுதி வைக்கலாம். ஹார்னஸ் லைன் தோழி ஒயரிங் சொல்லித் தரட்டும். தொழிற்சங்கப் பெண்கள் ஆலை வாசலில் அந்த விலைப் பட்டியலை ஒட்டட்டும். கல்லூரி மாணவிகள் இரண்டு குரல்களில் போன் செய்து, ஆணுக்கு ஒரு விலை பெண்ணுக்கு ஒரு விலை சொல்லும் ஒர்க்‌ஷாப்புகளைக் கண்டுபிடிக்கட்டும். சிகாகோவில் செய்ததை ஒசூரில் செய்ய ஒரு போனும் ஒரு பேனாவும் போதும். முடிவுகள் கையில் வந்த பிறகு, ஒரு ஷோரூமுக்குள் நாம் தனித்தனியாகப் போக வேண்டியதில்லை. இருபது பேராகப் போவோம், பிரித்து எழுதிய விலையைக் கேட்போம், எழுதித் தரும்வரை உட்கார்ந்திருப்போம்.